விழுவதற்கும் ஒரு வாத்தியார்

போன வருஷம் கோடை விடுமுறையில் என் பையனை ஜூடோ வகுப்பில் சேர்த்தேன். சேர்த்தேன் என்று சொல்வதுகூடப் பெருமைக்காகத்தான். சேர்த்தது அவனுடைய தாயார். பணம் கட்டியது மட்டுமே நான். பத்து வயதுப் பையன் விடுமுறை பூராவும் வீட்டிலேயே இருந்தால் வீடு என்ன கதிக்கு உள்ளாகும் என்பதை, பத்து வயதுப் பையன்களைப் பெற்ற வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் வாரம் முடிந்ததும், "என்னடா கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டேன்.

"விழக் கத்துண்டேன்" என்றான்.

"அப்புறம்?"

"அப்புறமும் விழத்தான். முன்னாலே விழறது, பின்னாலே விழறது, பக்கவாட்டிலே விழறது."

இரண்டாவது வாரமும் இதே பதில்தான். மூன்றாவது வாரம் எனக்குச் சற்றுக் கோபமே வந்துவிட்டது. எங்கள் வீட்டு மாடிப்படியில் வாரம் ஒரு தடவையாவது இலவசமாக விழுந்துகொண்டிருந்த பையனுக்கு, மாதச் சம்பளம் கொடுத்து விழக் கற்றுக்கொடுப்பதா? நேரே போய் அந்த வாத்தியாரிடமே கேட்டுவிட்டேன். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவர் சிரித்துக்கொண்டே, "சார், ஒருத்தனைத் தூக்கிப் போட ஆறு மாசத்திலே சொல்லிக் கொடுத்துடலாம். விழுந்தவன் பயப்படாம எழுந்து நிக்கணுமே, அதுக்குத்தான் நாளாகும்" என்றார்.

பத்திரிகைக்காரனுக்கு ஒரு பதில் போதாது. அன்று முதல் ஜூடோவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன்.

ஜூடோவுக்கு வயது அப்படியொன்றும் அதிகமில்லை. 1882-ஆம் ஆண்டில் தோக்கியோ நகரிலுள்ள எய்ஷோஜி என்ற பௌத்த ஆலயத்தில், பன்னிரண்டு பாய் விரிக்கக்கூடிய இடத்தில், ஜிகோரோ கானோ என்ற இளைஞர் ஆரம்பித்து வைத்த வித்தை அது. அப்போது அவருக்கு வயது 21. அவர் மல்லரல்ல, பள்ளிக்கூட வாத்தியார். சிறு வயதில் நோஞ்சானாக இருந்து, முரட்டுப் பையன்களிடம் அகப்பட்டு விழித்தவர். ஜுஜுத்சு என்ற பழைய வித்தையைக் கற்று, அதிலிருந்த அபாயகரமான அடிகளையும் முறிப்புகளையும் ஒதுக்கிவிட்டு, தூக்கி வீசுவதையும் அமுக்கிப் பிடிப்பதையும் பிரதானமாக வைத்துக்கொண்டார். விழுவதையும் முறையான பாடமாக்கினார். ஜப்பானியர் அதை 'உக்கெமி' என்கிறார்கள். விழும்போது மோவாய் மார்போடு ஒட்டியிருக்க வேண்டும். தலை பாயில் படவே கூடாது. கையை நீட்டிப் பாயை ஓங்கித் தட்ட வேண்டும். விழுந்த வேகம் உடம்பில் ஒரே இடத்தில் இறங்காமல் பரவிப் போய்விடுகிறது. ஜூடோக் கூடத்தின் பக்கம் போனால் கேட்கிற 'பட், பட்' ஓசையெல்லாம் அடிக்கிற சப்தமென்று நினைத்துவிடாதீர்கள். விழுகிற சப்தம்தான் அது.

இதெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஞானம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மார்கழியில் பள்ளிக்கூடங்களுக்கிடையே ஒரு போட்டி நடந்தது. பையன் முதல் சுற்றிலேயே விழுந்தான். மிக அழகாக விழுந்தான் என்றே சொல்ல வேண்டும்; சொல்லிக் கொடுத்தபடி மோவாயை ஒட்டிக்கொண்டு, கையால் பாயைத் தட்டிக்கொண்டு விழுந்தான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எதிராளிப் பையனின் தகப்பனார் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து கைதட்டினார். எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது. பாயைவிட்டு வந்த பையனைப் பார்த்து, நாலு பேர் காதில் விழும்படி, "இதற்குத்தானா இத்தனை நாள் போனாய்?" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தவன், எப்போதும்போல் என் இடுப்பைக் கட்டிக்கொள்ளவில்லை. பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டே வீடுவரை வந்தான்.

அன்றிரவு தூக்கம் வராமல் கைப்பேசியில் எதையெதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு படம் கண்ணில் பட்டது. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் எடுத்தது. ஜப்பானிய ஜூடோ சம்மேளனத்தின் பத்திரிகையாளர் கூட்டம். கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த ஆஜானுபாகுவான மனிதர் ஒருவர் ஒலிபெருக்கியின் முன்னால் இருக்கிறார். தோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போகப் போகிற வீரர்களின் பெயர்களை அவர் அறிவிக்க வேண்டும். சந்தோஷ சமாசாரம்தானே? ஆனால் அந்த மனிதர் பேச்சு வராமல் நிற்கிறார். உதடு துடிக்கிறது. கண்ணிலிருந்து நீர் வழிகிறது.

ஜப்பானிய பாஷையில் எனக்கு ஓர் அட்சரமும் தெரியாது. அதனால் அவர் எதற்காக அழுகிறார் என்று தேடிப் படித்தேன். படித்த பிறகு தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. அவர் பெயர் கோசெய் இனோவே.

கோசெய் இனோவே 1978-ஆம் ஆண்டு மே மாதம் கியூஷூ தீவிலுள்ள மியாஸாக்கி பிரதேசத்தில் பிறந்தவர். தகப்பனார் போலீஸ்காரர், அவரும் ஜூடோ வீரர். ஐந்து வயதில் மகனைப் பாயில் இறக்கிவிட்டார். தகப்பனாரே வாத்தியாராக இருப்பதைப் போன்ற சங்கடம் உலகத்தில் வேறில்லை; அதைத் தாங்கிக்கொண்டு பையன் வளர்ந்தான். பிறகு தோக்காய் சர்வகலாசாலையில் சேர்ந்தபோது, யாசுஹிரோ யமாஷிதாவின் சிஷ்யரானார். யமாஷிதாவைப் பற்றி ஜூடோ உலகத்தில் சொல்லத் தேவையில்லை. நமக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து 203 ஆட்டங்களில் தோல்வியே காணாதவர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கெண்டைக்கால் தசை கிழிந்த நிலையில் நொண்டிக்கொண்டே தங்கப் பதக்கம் வாங்கியவர்.

இனோவேயின் பிரமாஸ்திரத்துக்கு 'உச்சி மாதா' என்று பெயர். ஏதோ மலையுச்சியிலிருக்கும் அம்மன் என்று வாசகர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். 'உச்சி' என்றால் உள்பக்கம். 'மாதா' என்றால் தொடை. எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்து, கண்மூடித் திறப்பதற்குள் முதுகைத் திருப்பி, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மற்றக் காலை அவன் தொடைகளுக்கு நடுவே விட்டு வானத்தை நோக்கி வீச வேண்டும். நூறு கிலோ மனிதன் ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றி முதுகு பாயில் பட வந்து விழுவான். அப்படி வேகமும் பலமும் சேர முதுகு படும்படி வீசிவிட்டால் 'இப்போன்'. ஆட்டம் அந்த நொடியே முடிந்தது. மிச்சமிருக்கும் நிமிஷங்களுக்கு வேலையே கிடையாது. ஐந்து நாள் கிரிக்கெட்டுக்குப் பழகிய நமக்கு இது அநியாயமாகக்கூடத் தோன்றும்.

1999-ஆம் வருஷம் அவருடைய தாயார் திடீரென்று காலமானார். மூளையில் ரத்தக்கசிவு. அந்த வருஷமே பர்மிங்ஹாம் நகரில் நடந்த உலகப் போட்டியில் 100 கிலோ பிரிவில் இனோவே தங்கம் வென்றார். மறு வருஷம் செப்டம்பரில் சிட்னி ஒலிம்பிக். ஐந்து ஆட்டங்கள், ஐந்திலும் இப்போன். இறுதி ஆட்டத்தில் கனடாவின் நிக்கொலாஸ் கில்லை அதே உச்சி மாதாவினால்தான் வீசினார். பதக்க மேடையில் ஏறும்போது அவர் கையில் தாயாரின் படம் இருந்தது. அந்தப் படத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சியை ஜப்பானில் மறந்தவர்கள் குறைவு.

அதற்குப் பிறகு அவர் தொட்டதெல்லாம் துலங்கிற்று. 2001 மியூனிக்கிலும் 2003 ஒஸாகாவிலும் மறுபடி உலகச் சாம்பியன். எடைப் பிரிவே இல்லாத அகில ஜப்பான் போட்டியில் 2001 முதல் 2003 வரை மூன்று முறை தொடர்ந்து வெற்றி. 2004-இல் ஆதென்ஸ் ஒலிம்பிக்குக்குப் புறப்பட்ட ஜப்பானியக் குழு முழுவதற்கும் அவரைத்தான் தலைவராக்கினார்கள். ஜூடோவுக்கு மட்டுமல்ல, ஓட்டக்காரர்கள், நீச்சல்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்துத் தலைவர். அவர் தோற்பார் என்று யாரும் நினைக்கவில்லை. அதுதான் வினை.

காலிறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் எல்கோ வான் டெர் கேஸ்ட் அவரை வீழ்த்தினார். புள்ளிக் கணக்கில் அல்ல, சந்தேகத்துக்கிடமில்லாத இப்போன். சரி, வெண்கலப் பதக்கமாவது கிடைக்கும் என்று தோற்றவர்களுக்கான மறுவாய்ப்புச் சுற்றில் இறங்கினார். அஸர்பைஜானின் மிரலியெவ் அங்கேயும் இப்போன் வீச்சு வீசினார். ஒரே நாளில் இரண்டு தடவை முதுகு பாயில் பட்டது. அந்த ஒலிம்பிக்கில் ஜப்பானிய ஜூடோ வீரர்களும் வீராங்கனைகளுமாகச் சேர்ந்து 8 தங்கம் வாங்கினார்கள். கழுத்தில் தங்கத்துடன் நடமாடுகிற எட்டுப் பேருக்கு நடுவே, ஒன்றுமில்லாமல் வந்த தலைவர் எப்படித் தலை நிமிர்ந்திருப்பார்! அண்ணன் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கும், பரீட்சையில் தவறிய தம்பியைத்தான் எனக்கு நினைவு வந்தது.

பிறகும் அவர் விட்டுவிடவில்லை. 2005 ஜனவரியில் கானோ கோப்பைப் போட்டியில் வலது மார்புத் தசைநார் கிழிந்தது. கிழிந்த மார்போடு அந்தப் போட்டியை வென்றார் என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் பாயில் இறங்க முடியவில்லை. திரும்பி வந்தபோது எடை கூடியிருந்தது, வயதும் கூடியிருந்தது. கனத்த எடைப் பிரிவுக்கு மாறினார். 2007-இல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகப் போட்டியில் 18 வயதுப் பிரெஞ்சுப் பிள்ளையாண்டான் ஒருவனிடம் தோற்றார். அந்தப் பிள்ளையாண்டான்தான் டெடி ரினேர். அந்த முறையே உலகச் சாம்பியனாகிவிட்டான். கடைசியில் 2008 ஏப்ரலில் அகில ஜப்பான் போட்டி. ஜயித்தால்தான் பெய்ஜிங் ஒலிம்பிக்கைப் பற்றி நினைக்க முடியும். காலிறுதியில் தோற்றார். கடைசி நேரத்திலும் அவர் நம்பியது அந்த உச்சி மாதாவைத்தான். இந்தத் தடவை அது கைகொடுக்கவில்லை. முப்பது வயது நிறையுமுன்பே ஓய்வு பெற்றுக்கொண்டார்.

இந்த இடத்தில் பெரும்பாலான வீரர்களின் கதை முடிந்துவிடும். இனோவேயின் கதையில் எனக்கு ருசியான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

உலகச் சாம்பியனாக இருந்தவர் 2009-இல் பிரிட்டனுக்குப் புறப்பட்டுப் போய் இரண்டு வருஷம் மாணாக்கராக இருந்தார். முதலில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ, பிறகு லண்டன். ஜூடோ பிறந்த நாட்டுக்காரர் ஜூடோவைப் பற்றித் தெரிந்துகொள்ள மேற்கே போவதாவது! தஞ்சாவூர்க்காரர் சங்கீதம் கற்க லண்டனுக்குப் போன மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் காரணம் இருந்தது. 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்குக்காகவே கட்டிய புதோகான் மண்டபத்தில், எடை வரம்பில்லாத பிரிவில், நெதர்லாந்தின் ஆன்டன் கீஸிங்க் ஜப்பானின் அகியோ கமினாகாவை அமுக்கிப் பிடித்துத் தங்கத்தைக் கொண்டுபோன நாளிலிருந்தே, வித்தை கடல் கடந்துவிட்டது என்பது ஜப்பானியருக்குத் தெரியும். தெரிந்தும் ஒப்புக்கொள்ள மனம் வராது.

திரும்பி வந்து தேசியக் குழுவின் உதவிப் பயிற்சியாளரானார். 2012 லண்டன் ஒலிம்பிக் வந்தது. ஜப்பானிய ஆண்கள் ஒரு தங்கம்கூட வாங்கவில்லை. இரண்டு வெள்ளி, இரண்டு வெண்கலம், அவ்வளவுதான். 1964-இல் ஜூடோ ஒலிம்பிக்கில் சேர்ந்தது முதல் அப்படியொரு கதி அவர்களுக்கு நேர்ந்ததில்லை. தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஷினிச்சி ஷினொஹாரா விலகினார். இனோவேயை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 34.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். தோற்றுப் பார்த்தவன்தான் நல்ல ஆசானாவான் என்று ஒரு சூத்திரம் எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஷினொஹாரா குறுக்கே வந்து கெடுத்துவிடுகிறார். 2000 சிட்னியில், இனோவே தங்கம் வாங்கிய மறுநாள், இறுதி ஆட்டத்தில் பிரான்ஸின் டேவிட் தூயேயிடம் தோற்றவர் அவர். அந்தத் தீர்ப்பு தப்பு என்று இன்றுவரை வாதாடுகிறவர்கள் உண்டு. அவ்வளவு பெரிய தோல்வியை அனுபவித்தவர்தான். அப்படியும் லண்டனில் அவருடைய பிள்ளைகள் ஜயிக்கவில்லை. ஆகவே விழுந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. விழுந்த பிறகு என்ன யோசித்தோம் என்று ஒன்றிருக்கிறது.

இனோவே பதவியேற்ற சில வாரங்களுக்குள் இன்னொரு இடி விழுந்தது. ஜப்பானியப் பெண்கள் குழுவைச் சேர்ந்த 15 வீராங்கனைகள் ஒலிம்பிக் கமிட்டிக்குப் புகார் எழுதியிருந்தார்கள். பயிற்சி என்ற பெயரில் அறைகிறார்கள், மூங்கில் கழியால் அடிக்கிறார்கள், வாயில் வந்தபடி ஏசுகிறார்கள் என்று. 2013 ஜனவரியில் விஷயம் பத்திரிகைகளுக்கு எட்டியது. நாடே கொந்தளித்தது. பெண்கள் குழுவின் தலைமைப் பயிற்சியாளர் விலக நேர்ந்தது.

நமக்கு இதில் ஆச்சரியப்பட எவ்வளவு உரிமை உண்டு என்று எனக்குச் சந்தேகம். 'அடியாத மாடு படியாது' என்பதும், 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்பதும் நம் பழமொழிகள்தானே? நான் ஐந்தாவது படித்த காலத்தில் ஓட்டப் பந்தயத்துக்குத் தயார் செய்த ஒரு வாத்தியார், பின்தங்குகிறவன் கெண்டைக்காலில் பிரம்பால் ஒன்று வைப்பார். நான் தினமும் பின்தங்குகிறவன். இன்றுகூட யாராவது 'ஓடு' என்றால் என் கால் முன்னால் போவதற்குப் பதில் கூசிப் பின்வாங்குகிறது. அந்த நான்தான், முப்பது வயதுக்கு மேல், கையில் பிரம்பில்லாமல் நாக்கால் அதே வேலையைச் செய்திருக்கிறேன்.

இனோவே என்ன செய்தார்? அதிக நேரம் பயிற்சி செய்தவன்தான் ஜயிப்பான் என்ற பழைய நம்பிக்கையை முதலில் கைவிட்டார். உடற்பயிற்சி நிபுணர்களையும் ஆகார நிபுணர்களையும் அழைத்து வந்தார். உலகத்து வீரர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள், எந்த நடுவர் எதற்குத் தண்டனைப் புள்ளி கொடுக்கிறார் என்றெல்லாம் கணக்கெடுத்துச் சொல்ல ஆட்களை வைத்தார். ரஷ்யாவின் சாம்போ, பிரேசிலின் ஜியு-ஜிட்சு, ஒகினாவாத் தீவின் மல்யுத்தம் இவற்றையெல்லாம் தம் பையன்களுக்குப் பழக்கினார். 'அந்நிய வித்தை நமக்கெதற்கு?' என்று முகம் சுளித்த பெரியவர்கள் அங்கும் இருந்திருப்பார்கள். நூறு கிலோ மல்லர்களை உட்கார வைத்துத் தேநீர்ச் சடங்கும் தூரிகை எழுத்தும்கூடக் கற்பித்தார். அவ்வளவு பெரிய உடம்புக்காரர்கள் சின்னஞ்சிறு கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி உட்கார்ந்திருக்கும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்!

நாவொஹிஸா தகாத்தோ என்று ஒரு பையன். 60 கிலோ எடை, வித்தையில் சூரன், 2013-இல் உலகச் சாம்பியன். ஆனால் நேரத்துக்கு வருவதென்பது அவன் ஜாதகத்திலேயே இல்லை. 2014-இல், தாமதமாக வருவது முதலிய ஒழுங்கீனங்களுக்காக, தேசியக் குழுவில் அவனுடைய தரத்தைக் குறைத்துத் தண்டித்தார்கள். அந்தச் சமயம் இனோவே ஒரு காரியம் செய்தார். பையனைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம். தம் தலையை மொட்டையடித்துக்கொண்டார்! நம் ஊரில் மொட்டையென்றால் பிரார்த்தனை. ஜப்பானில் அது, 'தப்பு என்னுடையது' என்று ஊரறியச் சொல்வதற்கு அடையாளம். வாத்தியாரின் வழுக்கென்றிருந்த தலையைப் பார்த்த சிஷ்யனுக்கு எப்படி இருந்திருக்கும்!

2016-இல் ரியோ ஒலிம்பிக். 2007-இல் பிரெஞ்சுப் பிள்ளையாண்டானிடம் இனோவே தோற்றாரே, அதே ஊர். ஆண்களுக்கு ஏழு எடைப் பிரிவுகள். ஏழிலும் ஜப்பானியர் பதக்கம் வாங்கினார்கள்: இரண்டு தங்கம், ஒரு வெள்ளி, நான்கு வெண்கலம். ஏழு பிரிவுகள் ஏற்பட்ட பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. தகாத்தோவுக்கு வெண்கலம்தான். அவன் தங்கத்துக்கு வந்தவன், வெண்கலத்தோடு திரும்பினான்.

இப்போது அந்தப் பத்திரிகையாளர் கூட்டத்துக்கு வருவோம். 2020 பிப்ரவரி. சொந்த ஊரில் ஒலிம்பிக். ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான் போகலாம். ஜப்பானில் ஒவ்வொரு பிரிவிலும் உலகத் தரத்தில் இரண்டு பேர், மூன்று பேர் இருந்தார்கள். வேறு நாட்டில் பிறந்திருந்தால் யோசனையில்லாமல் ஒலிம்பிக் போகக்கூடியவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். 66 கிலோ பிரிவு மட்டும் அன்று முடிவாகவில்லை. மற்ற ஆறு பேரின் பெயர்களைச் சொல்ல வந்த இனோவே, தம் மனக்கண்ணில் இப்போது தோன்றுவது மயிரிழையில் தவறிப்போனவர்களின் முகங்கள் மட்டுமே என்றார். சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் நின்றார். தேர்வானவர்களின் பெயர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், தேர்வாகாதவர்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நாகயாமா, ஹாஷிமோத்தோ, ஃபுஜிவாரா, முராவோ, ஈதா, காகெயூரா. அத்தனை காமிராக்களுக்கும் முன்னால், அழுதுகொண்டே.

என்னுடைய உத்தியோகத்தில் நானும் எத்தனையோ பத்திரிகையாளர் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். ஜயித்தவன் பெயரைச் சொல்லி மாலை போடுவார்கள்; காப்பி கொடுப்பார்கள்; கலைந்து விடுவோம். தோற்றவன் பெயரை யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

படத்தை நான் மூன்று தடவை பார்த்தேன். அடுத்த அறையில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான், அல்லது தூங்குவதுபோல் படுத்துக்கொண்டிருந்தான்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கொரோனா நோயினால் ஒலிம்பிக் ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. 2021 ஜூலை 24-ஆம் தேதி, கீஸிங்க் வென்ற அதே புதோகான் மண்டபத்தில், அந்த ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு முதல் தங்கத்தை வாங்கிக் கொடுத்தவர் யார் தெரியுமா? தகாத்தோதான்! அவருக்குப் பின்னால் வரிசையாக வந்தன. ஆண்களுக்கு மட்டும் ஐந்து தங்கம். அவற்றில் ஒன்று 100 கிலோ பிரிவில் ஆரன் வுல்ஃப் என்ற இளைஞர் வாங்கியது. 2000-இல் தாயாரின் படத்தோடு மேடையேறிய இனோவேக்குப் பிறகு அந்தப் பிரிவில் ஜப்பானுக்குக் கிடைத்த முதல் தங்கம். நடுவே 21 வருஷம் ஓடிவிட்டிருந்தது.

எல்லாமே ஜயமென்று சொல்லிவிட முடியாது. ஜப்பானியர் உயிராக மதிக்கும் ஆண்கள் கனத்த எடைப் பிரிவில் அவர்களுக்குப் பதக்கமே இல்லை. ஆணும் பெண்ணும் கலந்த குழுப் போட்டியின் இறுதியில், சொந்த மண்ணில், பிரான்ஸிடம் ஒன்றுக்கு நாலு என்று தோற்றார்கள். அந்த ஒலிம்பிக்கோடு இனோவே தம் பொறுப்பை முடித்துக்கொண்டார். அடுத்து வந்தவர் கெய்ஜி சுஸுகி. ஆதென்ஸில் தலைவர் தோற்றபோது தங்கம் வாங்கிய எட்டுப் பேரில் ஒருவர்; இனோவேயின் பழைய போட்டியாளர். இனோவேயின் கீழ் உதவிப் பயிற்சியாளராக வேலை பார்த்தவரும் அவரே.

மறுநாள் காலையில் பையனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்று நினைத்தேன். வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் வார்த்தைகளை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அவன் இட்லியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். நான் காப்பியைப் பார்த்துக்கொண்டு குடித்தேன். அவன் தாயார் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தலையிலடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

இப்படி நாலு நாள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டிலிலிருந்த மெத்தையை இழுத்துக் கூடத்தில் போட்டேன். பையன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"விழறது எப்படின்னு எனக்குச் சொல்லிக் கொடேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னை அளவெடுப்பதுபோல் பார்த்தான். பிறகு எழுந்து வந்தான். "மோவாயை மார்பிலே ஒட்டிக்கோப்பா. இன்னும் ஒட்டணும். கையை இப்படி நீட்டு. உட்கார்ந்து அப்படியே பின்னாலே சாயணும். கண்ணை மூடாதே!"

சாய்ந்தேன். மோவாய் ஒட்டவில்லை, கையும் சரியான சமயத்துக்குத் தட்டவில்லை, பாதி உடம்பு மெத்தைக்கு வெளியே போய்த் தரையில் இறங்கிற்று. வீடு அதிர்ந்தது. சமையலறையில் ஏதோ பாத்திரம் உருண்டது. பையன் ஐந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

இரண்டு நிமிஷத்தில் வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டு மாமி பதறிக்கொண்டு நின்றாள். "என்ன சத்தம் அது? பீரோ கீரோ சாஞ்சுடுத்தா?"

"இல்லே மாமி, அப்பா விழுந்தார்" என்றான் பையன். "தப்பா விழுந்துட்டார். இன்னொரு தடவை விழப் போறார், நீங்க பயப்படாதீங்கோ."